பழைய எக்ஸ்பொக்ஸ் அடப்டரிலிருந்து 12 வோல்ட் பவர் சப்ளை: திருகோணமலையில் தொடங்குகிறவர்களுக்கு

இலத்திரனியலைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு தட்டுப்பாடு வரும். ஒழுங்கான பவர் சப்ளை இருக்காது. ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்டைக் கணினியின் யூ.எஸ்.பி.யில் கொழுவிப் பழகலாம். அதற்கு மேல் ஒரு மோட்டர், ஒரு எல்.ஈ.டி. பட்டி, ஒரு சின்ன அம்ப்ளிஃபயர் என்று போனவுடன் யூ.எஸ்.பி. காணாது. சதுர 9 வோல்ட் பற்றரி கொஞ்ச நேரத்திலேயே இறங்கிவிடும். மேசையில் வைக்கிற லாப் பவர் சப்ளையின் விலையோ படிக்கிற பிள்ளைகளின் கைக்கு எட்டாது. ஆனால் பழுதாகிப்போன எக்ஸ்பொக்ஸ் 360 என்ற வீடியோ விளையாட்டுக் கொன்சோலின் அந்தப் பாரமான கறுப்பு அடப்டர் எத்தனையோ வீடுகளில் அலுமாரிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அதிலிருந்து 12 வோல்ட்டில் 9 முதல் 16 அம்பியர் வரை எடுக்கலாம். கூடவே 5 வோல்ட்டில் 1 அம்பியரும் உண்டு.

இதைச் செய்து முடிக்க நான் பட்ட பாடு பெரும்பாலும் தகவலைப் பொறுக்குவதில்தான். ஒரு வீடியோவில் வயரின் நிறம் இருக்கும், ஃபியூஸ் பற்றிப் பேச்சே இருக்காது. இன்னொன்று நல்ல விளக்கமாக இருக்கும், ஆனால் செய்து காட்டுகிறவர் 120 வோல்ட் நாட்டுக்காரர். எந்தச் சாமான் நம் ஊர்க் கடையில் கிடைக்கும், எதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்குமுன் இரண்டு விதி. அடப்டரின் கறுப்புப் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஃபியூஸ் போடாமல் எதையும் கொழுவக் கூடாது. 230 வோல்ட் மின்சாரம் பெட்டிக்குள் நேரோட்டமாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகி, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கொள்ளளவி என்ற பாகத்தில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கும், ஆளைக் கொல்லவும் அது போதும். நமக்கு உள்ளே எந்த வேலையும் இல்லை. எல்லாமே வெளியே வருகிற வயரில்தான். பாடசாலைப் பிள்ளைகள் செய்வதென்றால் மின்சார வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. எந்த அடப்டர் உதவும், எது உதவாது

எக்ஸ்பொக்ஸ் 360தான் என் முதல் தெரிவு. 12 வோல்ட்டில் இவ்வளவு அம்பியர் தருகிற வேறு பழைய கொன்சோல் அடப்டர் இங்கே இலேசில் கிடைக்காது. இதன் வயர் நிறங்களும் நன்கு தெரிந்தவை. ஆகப் பழையது 203 வாட், பிறகு 175, 150 என்று குறைந்து வந்தது. மெலிந்த ஸ்லிம் வகைக்கு 135 வாட், கடைசியாக வந்த ஈ வகைக்கு 120 வாட். தொடக்கத்துக்கு எதுவானாலும் தாராளம்.

நின்டெண்டோ வீயின் அடப்டர் 12 வோல்ட், 3.7 அம்பியர். இரண்டே வயர் என்பதால் பின்னால் சொல்லப்போகிற நீல வயர்ச் சுவிட்ச் வேலை எதுவும் கிடையாது. சின்ன வேலைக்கு இது இன்னும் சுலபம். மெலிந்த பிளேஸ்டேஷன் 2இன் அடப்டர் 8.5 வோல்ட் தரும். அதை 12 வோல்ட் சாமானுக்குப் பாவிக்க முடியாது. 5 வோல்ட்டுக்கு இறக்கினால் ஆர்டுயினோ வேலைக்கு நல்லது. பி.எஸ்.பி.யின் அடப்டர் நேரடியாகவே 5 வோல்ட்.

இரண்டு வகையை ஒதுக்கிவிடுங்கள். நின்டெண்டோ சுவிட்ச்சின் அடப்டர் சாதனத்தோடு பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் 15 வோல்ட்டை விடும், வயரை வெட்டினால் பயனில்லை. 80களில் வந்த பழைய நின்டெண்டோ பெட்டியின் அடப்டரோ 9 வோல்ட்டை ஆடலோட்டமாகவே வெளியே விடும். அதை ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையில் கொடுத்தால் போர்ட் போய்விடும்.

2. ஸ்டிக்கரை வாசித்துப் படம் எடுத்து வையுங்கள்

இந்த வேலையில் உங்களுக்கு உள்ள ஒரே ஆவணம் அடப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான். காசு கொடுக்குமுன், சுவரில் கொழுவுமுன், அதைத் தொலைபேசியில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்திருந்தால் அந்த அடப்டர் வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது இன்புட் வரி. இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஸ்டிக்கரில் 200–240 அல்லது 220–240 என்று இருந்தால் சரி. 100–240 என்றிருந்தாலும் சரி. 100–127 என்று இருந்தால் தொடவே வேண்டாம். எங்கள் ஊரில் இந்தப் பொறி பெரிது. பாதி வீடுகளுக்குக் கனடாவில் சொந்தம் இருக்கிறது. மாமாவோ சித்தியோ ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த எக்ஸ்பொக்ஸ் 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஜப்பானில் 100 வோல்ட். அந்த அடப்டரை நம் சுவரில் கொழுவினால் போட்ட கணத்திலேயே போய்விடும், புகையும் வரலாம். லண்டனிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வந்தது பெரும்பாலும் நமக்குப் பொருந்தும். என்றாலும் நாட்டை நம்பாமல் ஸ்டிக்கரை நம்புங்கள்.

இறக்கும் டிரான்ஸ்போமர் ஒன்றை வாங்கி அதில் கொழுவலாமே என்று கேட்பார்கள். 200 வாட் தாங்குகிற டிரான்ஸ்போமரின் விலைக்குப் புதிய 12 வோல்ட் பவர் சப்ளையே வாங்கலாம்.

அடுத்தது அவுட்புட் வரி. 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 16.5, 14.2, 12.1, 10.83, 9.6 என்று வகைக்கு வகை மாறும். அதற்குக் கீழே 5 வோல்ட், 1 அம்பியர் என்று இருக்கும். நேரோட்டத்துக்கு ஒரு நீள் கோடும் கீழே புள்ளிக் கோடும் போட்டிருப்பார்கள். அலை போன்ற குறி ஆடலோட்டம். அந்த அலைக்குறி இன்புட்டில் இருக்கலாம், அவுட்புட்டில் இருந்தால் அது நமக்கு உதவாது.

3. சாமான், செலவு, காத்திருக்கும் நாட்கள்

அடப்டரை வீட்டில் எடுத்தால் செலவில்லை. கடையில் எடுப்பதென்றால் தொலைபேசி, தொலைக்காட்சி திருத்துகிற கடைகளில் விசாரியுங்கள். பிரதான வீதி, மத்திய வீதிப் பக்கம் நடந்தே கேட்டுவிடலாம். “அண்ணா, எக்ஸ்பொக்ஸ் பழுதாய்க் கிடந்தால் அடப்டர் மட்டும் தருவீங்களா?” என்று கேட்டால் போதும், என்னத்துக்கு என்று சொன்னால் உதவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை பேசுமுன் ஒன்றை மனதில் வையுங்கள். எல்.ஈ.டி. பட்டிக்கென்று விற்கிற, துளை போட்ட தகரப்பெட்டி 12 வோல்ட் பவர் சப்ளை புதிதாகவே கிடைக்கிறது. 10 அம்பியர் பெட்டியின் விலையை முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். பழைய அடப்டருக்கு அதில் பாதிக்கு மேல் கேட்டால் விட்டுவிட்டுப் புதியதை வாங்குங்கள். என்னைக் கேட்டால், சும்மா அல்லது மலிவாகக் கிடைத்தால்தான் இந்த வேலைக்கு அர்த்தம்.

பழைய சாமானுக்குக் கடைக்காரர் சொல்கிற செக்கிங் வொரண்டியை வாயால் மட்டும் வாங்காதீர்கள். பில்லில் திகதி, அடப்டரின் மொடல் இலக்கம், எத்தனை நாள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வயரை வெட்டிய பிறகு எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. அதனால் சோதனை முழுவதும் வெட்டுமுன் முடிய வேண்டும்.

மற்றச் சாமான்களில் முக்கியமானது மல்டிமீற்றர். 2,000 ரூபாயைச் சுற்றி உள்ள சாதாரண மீற்றரே போதும். இதை இரவல் வாங்கிச் சமாளிக்க வேண்டாம், சொந்தமாக ஒன்று இருக்கட்டும். ஏனென்றால் இந்த வேலைக்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் அது தேவைப்படும். பற்றாசுக்கோல் 60 வாட் வாங்குங்கள். கடையில் முதலில் நீட்டுகிற 30 வாட் கோல் மெல்லிய வயருக்குச் சரி, பல மஞ்சள் வயரை ஒன்றாக முறுக்கிப் பற்றாசு பிடிக்க அதன் சூடு காணாது.

ஃபியூஸ், ஃபியூஸ் கூடு, சோதனைக்கான மின்குமிழ் மூன்றும் இலத்திரனியல் கடையில் தேட வேண்டியவை அல்ல. ஓட்டோ, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள். வயரோடு சேர்ந்து வருகிற தட்டை ஃபியூஸ் கூடு இரண்டு, ஊதா நிற 3 அம்பியர் ஃபியூஸ், இளம் மண்நிற 5 அம்பியர், சிவப்பு 10 அம்பியர் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று, 12 வோல்ட் 21 வாட் சிக்னல் குமிழ் ஒன்று, பழைய ஹெட்லைட் குமிழ் ஒன்று கிடைத்தால் அதுவும். எல்லாம் சேர்ந்தும் பெரிய தொகை வராது. 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், திருகு கனெக்டர், சுவரில் பதிக்கிற பிளாஸ்டிக் சங்க் பொக்ஸ் மூன்றையும் ஹாட்வெயாரில் எடுக்கலாம். சிறிய சுவிட்ச் ஒன்றும் தேவை.

ஊரில் தேடிக் களைக்க வைப்பது வோல்ட்டைக் குறைக்கிற பக் மொடியூல். எல்.எம். 2596 என்றும் எக்ஸ்.எல். 4015 என்றும் இரண்டு வகை. இவற்றைக் கொழும்புக் கடைகளில் இணையம் வழியாக ஓடர் செய்து, சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாம். கூரியரில் சில நாளில் வந்து சேரும். ஒரு மொடியூலுக்குச் சில நூறு ரூபாய்தான், கூரியர்ச் செலவு அதைத் தாண்டிவிடும். ஆகவே தனியாக ஒன்றை எடுக்காமல், நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியில் எடுப்பியுங்கள். வீட்டில் யாராவது இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறார்கள் என்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மொடியூலின் படத்தையும் தொலைபேசியில் அனுப்பிவிட்டால் மாறி வராது. வெளிநாட்டிலிருந்து நேரே எடுப்பிப்பது மலிவாகத் தெரியும், ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வரியும் சேரலாம்.

கடை தேடிப் போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகப் பல கடைகள் பூட்டியிருக்கும். போயா நாளிலும் ஞாயிறிலும் பாதி அலைச்சல் வீண். சாமான் எல்லாம் கையில் இருந்தால் வேலை அரை நாள்தான்.

4. வெட்டுவதற்கு முன் சோதனை

அடப்டரை எதனோடும் இணைக்காமல் சுவரில் மட்டும் கொழுவுங்கள். அதில் உள்ள சிறு விளக்கு செம்மஞ்சளாக எரிய வேண்டும். அப்படி எரிந்தால் 5 வோல்ட் பக்கம் உயிரோடு இருக்கிறது, 12 வோல்ட் இன்னும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். விளக்கே இல்லை என்றால் சுவர் வயரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் எரியாவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். சிவப்பு எரிந்தாலும் அப்படித்தான்.

இது பாதிச் சோதனை மட்டுமே. 12 வோல்ட் நிசமாக வருகிறதா என்று அறிய, ஓடுகிற எக்ஸ்பொக்ஸ் ஒன்றில் கொழுவி விளக்கு பச்சையாகிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் வாங்கும்போது இதைக் கேளுங்கள். கொன்சோல் இல்லை என்று கடைக்காரர் சொன்னால் அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

காது கொடுத்தும் கேளுங்கள். பழைய பெரிய அடப்டருக்குள் சிறு விசிறி உண்டு. அது கரகரத்தால் தூசி அடைத்திருக்கும். கரப்பான் குடியிருந்த அடப்டரை மணத்திலேயே கண்டுபிடிக்கலாம், அதை எடுக்காதீர்கள்.

சுவர்ப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்தினால் மின்சாரம் விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் மின்சாரம் பார்க்கிறவரைக் கூப்பிட்டு அதைத் திருத்துங்கள். சதுர மூன்று முள் பிளக்கை உருண்டை முள் துளையில் நுழைக்க விற்கும் மலிவு மாற்றிகளில் எர்த் ஒழுங்காகப் பிடிக்காது. இந்த அடப்டரை நேரே சதுர முள் சொக்கெற்றில் கொழுவுங்கள்.

5. வெட்டி, நிறம் பிரித்தல்

சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, விளக்கு முழுக்க அணையும் வரை காத்திருங்கள். கொன்சோலில் கொழுவுகிற தலைப்பக்கம் ஒரு சாண் வயரை விட்டு வெட்டுங்கள். தலையை எறிய வேண்டாம். பின்னால் நிறத்தில் சந்தேகம் வந்தால் பார்க்க உதவும்.

வெளித்தோலை உரித்தால் உள்ளே இந்த நிறங்கள் இருக்கும். மஞ்சள் வயர்கள் எல்லாம் 12 வோல்ட். கறுப்பு வயர்கள் எல்லாம் பொது மறை. சிவப்பு ஒன்று, எப்போதும் உயிரோடிருக்கும் 5 வோல்ட். நீலம் ஒன்று, 12 வோல்ட்டை எழுப்புகிற கட்டளை வயர். செம்மஞ்சள் ஒன்று, மின்சாரம் சீராக இருக்கிறது என்று கொன்சோலுக்குச் சொல்கிற வயர். இந்தச் செம்மஞ்சள் நமக்குத் தேவையில்லை. அதன் நுனியைத் தனியாக மூடிவிடுங்கள்.

இது மைக்ரோசொஃப்ட்டின் சொந்த எக்ஸ்பொக்ஸ் 360 அடப்டருக்கான நிறக் கணக்கு. சந்தையில் போலி அடப்டர் நிறைய. எக்ஸ்பொக்ஸ் வன்னின் அடப்டரும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். அவற்றில் இந்த நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எதுவானாலும் மீற்றரால் உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு வயரின் நுனியையும் ஒன்றோடொன்று முட்டாமல் விரித்து மேசையில் ஒட்டி வைத்து, சுவரில் கொழுவி, மீற்றரை 20 வோல்ட் நேரோட்டத்தில் வையுங்கள். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் 5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் இப்போதைக்கு ஒன்றும் இருக்காது. அப்படியே வந்தால் நிறங்கள் சரி. பிளக்கைக் கழற்றுங்கள்.

மஞ்சள் வயர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கிப் பற்றாசு பிடியுங்கள், கறுப்பையும் அப்படியே. ஒரேயொரு மஞ்சளை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. முழு அம்பியரும் அந்த ஒற்றை வயரில் ஓடினால் அது சூடேறும். சாதாரண ஒட்டுரேப்பை நம்பாதீர்கள். நம் ஊர் வெக்கைக்குப் பசை உருகி, சில மாதத்தில் ரேப் தானாகக் கழன்றுவிடும். சூட்டில் சுருங்குகிற குழாயைப் போடுங்கள். பற்றாசில் ஈயம் இருப்பதால் யன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

6. நீலமும் சிவப்பும்

நீல வயரைச் சிவப்போடு தொட வைத்தால் 12 வோல்ட் எழும்பும், விளக்கு பச்சையாகும். பிரித்தால் நின்றுவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் சின்னச் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். அந்த வழியில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் மலிவான சுவிட்ச்சே போதும். 10 அம்பியர் தாங்குகிற பெரிய சுவிட்ச்சுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

சிவப்பு வயரிலிருந்து சுவிட்ச்சுக்கு ஒரு கிளை, வெளியே 5 வோல்ட் முனைக்கு இன்னொரு கிளை. அந்த 5 வோல்ட் முனை 12 வோல்ட் நிறுத்தியிருக்கும்போதும் வேலை செய்யும். ஓர் ஆர்டுயினோவும் சில சென்சார்களும் அதிலேயே ஓடும். 1 அம்பியருக்கு மேல் அதில் கேட்காதீர்கள்.

7. ஃபியூஸ்

வீடியோக்கள் ஒரு வரியில் கடந்துபோகிற இடம் இது. முழுக் கட்டுரையிலும் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

அடப்டருக்குள் பாதுகாப்பு இருக்கிறது, ஷோர்ட் ஆனால் தானே நின்றுவிடும் என்று சொல்வார்கள். உண்மைதான். மஞ்சளையும் கறுப்பையும் நேரே முட்ட வைத்தால் நின்றுவிடும். ஆனால் அந்தப் பாதுகாப்பு அடப்டரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. 8 அம்பியர் போனால் அடப்டர் அதைச் சாதாரண வேலையாகவே எண்ணும், விளையாட்டு ஓடுகிறது என்று நினைக்கும். பற்றாசு பிடிக்காமல் சுற்று அமைத்துப் பழகுகிற துளைப் பலகையான பிரெட்போர்டில் குத்துகிற மெல்லிய ஜம்பர் வயருக்கோ 1 அம்பியருக்கு மேல் போவதே அதிகம். அரைகுறை ஷோர்ட் ஒன்றில் அந்த வயர் பழுக்கும், தோல் உருகும், மேசைத்துணி பற்றும். அப்போதும் அடப்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஃபியூஸ் உங்கள் வயரின் தாங்கு அளவுக்குத்தான். அடப்டரின் அளவைப் பார்த்து ஃபியூஸ் தெரிவு செய்யக் கூடாது. நான் இரண்டு வழியாகப் பிரிக்கச் சொல்வேன். கட்டிய மஞ்சளிலிருந்து ஒரு வழி 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில், 10 அம்பியர் சிவப்பு ஃபியூஸோடு எல்.ஈ.டி. பட்டி, அம்ப்ளிஃபயர் போன்றவற்றுக்குப் போகட்டும். இன்னொரு வழி 3 அம்பியர் ஊதா ஃபியூஸோடு பக் மொடியூலுக்குப் போகட்டும். பிரெட்போர்டுக்கு 12 வோல்ட்டை நேரே கொண்டுபோகாதீர்கள். எப்போதாவது கொண்டுபோகவே வேண்டுமென்றால் 1 அம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றை இடையில் போடுங்கள்.

ஃபியூஸ் கூடு மஞ்சள் முடிச்சிலிருந்து ஒரு கையகலத்துக்குள் இருக்க வேண்டும். முடிச்சுக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள வயருக்குக் காவல் கிடையாது, அதனால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஃபியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள். கூடுதல் அம்பியர் ஃபியூஸைப் போட்டுப் பார்ப்பது, கம்பியை முறுக்கிப் போடுவது இரண்டும் வீட்டை எரிக்கிற வேலை.

எல்லா முடிச்சையும் சுவிட்ச்சையும் சங்க் பொக்ஸுக்குள் வைத்து, வயர் உள்ளே வரும் துளையில் இழுபட்டாலும் கழராதபடி ஒரு முடிச்சோ கட்டுவாரோ போடுங்கள். பெட்டியின் மூடியில் 12 வோல்ட், 5 வோல்ட், எந்த ஃபியூஸ் எத்தனை அம்பியர் என்று நிரந்தர மையால் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவர் எடுத்துப் பாவிக்கும் நாள் வரும்.

8. முதல் தடவை ஏற்றுதல்

முதலில் ஆர்டுயினோவைக் கொழுவ வேண்டாம். 21 வாட் சிக்னல் குமிழைக் கொழுவுங்கள். 12 வோல்ட்டில் அது 1.75 அம்பியர் எடுக்கும், பிழைத்தால் நட்டமும் சில ரூபாய்தான். சுவிட்ச்சைப் போட்டு, குமிழ் எரியும்போதே அதன் இரு முனையிலும் மீற்றரை வையுங்கள். 12 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். பத்து நிமிடம் எரிய விட்டு, அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் அங்கே பற்றாசு சரியாகப் பிடிக்கவில்லை. பிரித்துத் திரும்பச் செய்யுங்கள்.

பிறகு 55 வாட் ஹெட்லைட் குமிழ். அது 5 அம்பியருக்குக் கிட்ட எடுக்கும். அது கடும் சூடாகும் என்பதால் ஓட்டிலோ சீமெந்திலோ வைத்து எரியுங்கள். ஒரு மணி நேரம் எரிந்தும் வோல்ட் 11.4க்குக் கீழே போகாமல், முடிச்சு எதுவும் சுடாமல் இருந்தால் உங்கள் பவர் சப்ளை தயார்.

9. 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்

ஆர்டுயினோவின் ஊனோ வகையில், வெளி மின்சாரத்தை வாங்குகிற வின் முனையில் 12 வோல்ட்டைக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கும். கொடுக்கலாம்தான். ஆனால் மிச்சமுள்ள 7 வோல்ட்டை அந்த போர்ட் சூடாகவே வெளியேற்றும். 200 மில்லிஅம்பியர் எடுத்தாலே 1.4 வாட் சூடு. அதனால் பக் மொடியூலால் 5 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுப்பது நல்லது.

எல்.எம். 2596 மொடியூல் 3 அம்பியர் என்று சொல்லி விற்கிறார்கள். வெப்பத்தகடு இல்லாமல் 2 அம்பியருக்கு மேல் நம்ப வேண்டாம். எக்ஸ்.எல். 4015 வகை 5 அம்பியர் வரை போகும். மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்துகிற இரண்டு திருகு உள்ள வகையை எடுத்தால் பழகுகிறவர்களுக்கு அது பெரிய காவல்.

மொடியூல் வந்தவுடன் அதன் வெளியீட்டு வோல்ட் என்னவென்று யாருக்கும் தெரியாது. 12 வோல்ட் கொடுத்தால் 11 வோல்ட்டும் வெளியே வரலாம். எதையும் கொழுவாமல் மீற்றரை மட்டும் வைத்து, பித்தளைத் திருகைத் திருப்பி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பல சுற்றுச் சுற்றியும் இலக்கம் அசையாமல் நிற்கும், பழுது என்று எறிந்துவிடாமல் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள், ஓரிடத்தில் இறங்கத் தொடங்கும். சரிசெய்த பிறகு திருகின் மேல் ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள், அசையாது. வைஃபை உள்ள கட்டுப்பாட்டுப் போர்டான ஈ.எஸ்.பி. 32க்கு 3.3 வோல்ட்டை நேரே கொடுப்பதென்றால் குறைந்தது 500 மில்லிஅம்பியர் தரக்கூடிய வழியாக இருக்கட்டும். வைஃபை எழும்பும் நேரத்தில் அது திடீரென்று கூடுதலாக இழுக்கும்.

10. எதை ஓட்டலாம், எதை ஓட்டக் கூடாது

12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டிக்கு இது அருமை. ஒரு மீற்றர் நீளத்தில் 60 குமிழ் உள்ள 5050 வகைப் பட்டி அந்த நீளத்துக்கு 14.4 வாட், அதாவது 1.2 அம்பியர் எடுக்கும். 5 மீற்றர் சுருளுக்கு 6 அம்பியர், 10 அம்பியர் ஃபியூஸுக்குள் அடங்கும். பட்டியைத் தூரத்தில் வைக்காதீர்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 மீற்றர் தள்ளி 5 அம்பியர் கொண்டுபோனால் போய் வரும் வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடுவீர்கள். கார் செற்றை வீட்டில் பாட வைக்கவும் இது நன்றாக உதவும்.

மோட்டர், பம்ப், ரிலே ஓட்டும்போது அவற்றின் இரு முனைக்கும் குறுக்கே ஓர் இருவாயி (டயோட்) போடுங்கள், கோடு உள்ள பக்கம் நேர் முனையில். நிறுத்தும்போது எழுகிற எதிர் மின்னழுத்தம் பக்கத்தில் உள்ள போர்டைக் கொன்றுவிடும்.

பற்றரி சார்ஜ் பண்ணக் கூடாது. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்துக்குப் பிறகு பலருக்கும் இந்த ஆசை உண்டு, நியாயமான ஆசையும்கூட. ஆனால் ஈய அமிலப் பற்றரி முழுக்க ஏற 13.8 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், இது 12இல் நின்றுவிடும். வெறுமையான பற்றரியோ தொடக்கத்தில் அளவில்லாமல் இழுக்கும். லித்தியம் கலங்களை இதில் நேரே கொழுவுவது தீ விபத்து. அதற்கென்று உள்ள சார்ஜரை வாங்குங்கள்.

11. உப்புக் காற்றும் இடியும்

கடல் சூழ்ந்த ஊர். டச்சுக்குடா, உப்புவெளிப் பக்கம் வீடு என்றால் திறந்த செம்புக் கம்பி சில மாதத்தில் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த திருகு முனையில் தடை கூடி, கூடுதல் அம்பியர் போகும்போது அது சூடாகும். வயர் நுனிகளுக்குப் பற்றாசு பூசித் திருகில் போடுவார்கள். அது காலப்போக்கில் தளர்ந்துவிடும். அதைவிட நுனியில் அழுத்திப் போடுகிற உலோக மூடி நல்லது. திருகை இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் திருகையும் இறுக்கிப் பாருங்கள்.

பாவிக்காத நேரத்தில் சுவிட்ச்சை மட்டும் நிறுத்தாமல் பிளக்கையே கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் இடி மின்னல் கடுமையாக இருக்கும், சித்திரையிலும் அப்படித்தான். அடப்டரைத் துணியால் மூடி வைக்காதீர்கள், விசிறிக்குக் காற்று வேண்டும்.

12. திடீரென்று நின்றுவிட்டால்

விளக்கு சிவப்பானால் அடப்டர் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது. வெளியே கொழுவியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றி, சுவர்ப் பிளக்கையும் கழற்றி, விளக்கு அணைந்த பிறகும் சில நிமிடம் விட்டுத் திரும்பக் கொழுவுங்கள். செம்மஞ்சள் வந்து, சுவிட்ச்சைப் போட்டதும் பச்சையானால் பழுது உங்கள் சுற்றில்தான், ஒவ்வொன்றாகக் கொழுவிக் கண்டுபிடியுங்கள். பெரிய மோட்டர் ஒன்று எழும்பும் கணத்தில் மட்டும் நின்றால் அது தொடக்கத்தில் இழுக்கிற அம்பியர் அதிகம், அதற்கு இந்த அடப்டர் பொருந்தாது.

பச்சை எரிந்தும் 12 வோல்ட் முனையில் ஒன்றும் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். வெளியே எதுவும் கொழுவாமலே சிவப்பு எரிந்தால், அல்லது பெட்டிக்குள் எரிந்த மணம் வந்தால், அந்த அடப்டரின் காலம் முடிந்தது. திருத்தக் கொடுக்க வேண்டாம். ஃபியூஸ் கூடு, சுவிட்ச், பக் மொடியூல், பெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அடப்டர் கிடைக்கும்போது அப்படியே மாட்டலாம்.